மெருகும் காற்றும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள் காற்றைக் கொண்டுசெல்லும் புகுவழியைக் கண்ணாடிபோல் மெருகிட்டால் எஞ்சினின் வலு மிகும் என்பது, பந்தய வண்டிகளைச் செப்பஞ்செய்வோரிடையே நெடுங்காலம் வேரூன்றிய நம்பிக்கையாகும். வழவழப்பான சுவரைக் காற்று தடையின்றிக் கடக்கும் என்று கருதுதல் இயல்பே. ஆயின் இத்துறையின் வரலாறு இதற்கு நேர்மாறானதொரு கொள்கையுடன் தொடங்கியது என்பது வியப்புக்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிய எந்திரவியலார் நீர்க்குழாய்களை அமைப்பதற்குக் கைக்கொண்டது, புறோனி என்பார் 1804 இல் வெளியிட்ட சூத்திரமாகும். அதிலே குழாயின் விட்டத்துக்கு இடமுண்டு. நீரின் வேகத்துக்கு இடமுண்டு. சுவரின் தன்மைக்கோ இடமில்லை. ஈயமாயினும் துருவேறிய இரும்பாயினும் விடை ஒன்றே. டிஜோன் நகருக்கு நன்னீர் கொணர்ந்து புகழ்பெற்ற ஹென்றி டார்சி இதனை ஏற்றாரல்லர். கண்ணாடி, ஈயம், இரும்பு எனப் பலவகைக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். படிவு கொண்ட பழைய வார்ப்பிரும்புக் குழாயை அந்நிலையில் ஒருமுறையும், சுத்தஞ்செய்தபின் மறுமுறையும் சோதித்தார். நீர் ஒன்று, குழாய் ஒன்று. மாறியது சுவர் மட்டுமே. தடையும் உடன் மாறியது. 1857 இல் வெளிவந்த அவரது ஆய்வுடன் புறோனியின் கொள்கை தளர்ந்தது. அதற்கடுத்த ஆண்டிலே டார்சி காலமானார்.

சுவர் எவ்வாறு பாய்ச்சலைத் தடுக்கின்றது என்பதற்கு விடைகாண மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. 1883 இல் மான்செஸ்ரரில் ஒஸ்போண் றெனோல்ட்சு கண்ணாடிக் குழாயிற் சாயத்தை விட்டு, ஒழுங்கான பாய்ச்சல் கொந்தளிப்பாக மாறும் எல்லையை வகுத்தார். 1904 இல் ஐடெல்பேர்க்கு மாநாட்டில் பிராண்டில், சுவரையொட்டிய மெல்லிய எல்லைப்படையே உராய்வின் இருப்பிடம் என விளக்கினார். அவருடைய கோற்றிங்கன் ஆய்வுகூடத்தில் நிக்குராட்சே செய்த பரிசோதனை இவ்வரலாற்றின் நடுநாயகம் எனலாம். சல்லடையாற் பிரித்த, ஒரே பருமனுடைய மணலைக் குழாயின் உட்சுவரில் ஒட்டி, மணியின் பருமன் விட்டத்தின் 1/30 பங்கு முதல் 1/1014 பங்கு வரை அமைந்த ஆறுவகைச் சுவர்களை அவர் ஆராய்ந்தார். 1933 இல் வெளியான முடிவு மிகத் தெளிவானது. மணல் ஒட்டிய குழாயும் ஓர் எல்லைவரை வழவழப்பான குழாய்போலவே ஒழுகும். அவ்வெல்லையைக் கடந்த பின்னரே தன் கரட்டுத்தன்மையைக் காட்டும். சுவரையொட்டிப் பிசுக்குமை ஆளும் மென்படை ஒன்றுண்டு. அதனுள் மூழ்கிக் கிடக்கும் மணியை மேலே செல்லும் பாய்ச்சல் அறியாது.

எஞ்சினின் புகுவழிக்கும் இந்நியதி பொருந்தும். 35 மில்லிமீற்றர் விட்டமுடைய வழியிற் காற்று செக்கனுக்கு 80 மீற்றர் வேகத்திற் செல்வதாகக் கணக்கிட்டால், அம்மென்படை ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் தடிப்பு உடையது. எஞ்சினிற் காற்று விட்டுவிட்டுப் பாய்வதால் இது பருமட்டான கணக்கே. வார்ப்பிரும்பின் கரட்டுத்தன்மைக்கு எந்திரவியல் நூல்கள் கொள்ளும் அளவு கால் மில்லிமீற்றர் வரையில் ஆகும். எனவே வார்ப்பின் பிசிறையும் மேட்டையும் நீக்குவதால் ஓரளவு பயன் உண்டு. சாதாரண அரத்தாளால் தேய்த்த சுவரின் கீறல்கள் பெரும்பாலும் அப்படையினுள் அடங்கிவிடுகின்றன; அதன்மேற் செய்யும் மெருகு கண்ணுக்கே அன்றிக் காற்றுக்கு அன்று. அந்த ஓரளவு பயனும் சிறிதே. புகுவழி விட்டத்தைப்போல் மும்மடங்கு நீளமுடையதாயின், கரட்டுச் சுவரின் உராய்வால் இழப்பது இயக்க அமுக்கத்திற் பத்திலொரு பங்கு. வழவழப்பான சுவரில் இருபதிலொரு பங்கு. வளைவிலும் வால்வின் இருக்கையிலும் இழப்பதோ முழு இயக்க அமுக்கத்தையும் விஞ்சக்கூடும்.

இங்கிலாந்தின் ஹரி வெஸ்லேக்கு சென்ற வழி இவ்வுண்மைக்கு இசைந்தது. எஞ்சின் தலையினூடாகக் காற்றைச் செலுத்தி அளக்கும் முறையை 1920களிலேயே கையாண்ட அவர், வழியின் வளைவையும் வடிவையுமே பெரிதும் திருத்தினார். 1948 இல் அறிமுகமான ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினுடைய தலையில் அவரது கைவண்ணம் உண்டு. அவ்வெஞ்சின் பூண்ட வண்டிகள் 1951 முதல் 1957 வரையில் லெமான் பந்தயத்தில் ஐந்துமுறை வென்றன.

காபுறேற்றர் கொண்ட எஞ்சின்களில் இன்னுமொரு சிக்கல் இருந்தது. அங்கே புகுவழியிற் செல்வது வெறுங்காற்றன்று. பெற்றோல் துளிகளும் உடன்செல்லும். அத்துளிகள் சுவரிற் படிந்து படலமாக வழிவதைச் சிறிது கரடான சுவர் குறைக்கும் என்பது தொழில்வல்லோர் பலரது கருத்து. அவ்வாறாயின் அங்கே கண்ணாடி மெருகு பயனற்றது மட்டுமன்று, தீங்கும் ஆகலாம். இக்காலத்தில் கணினியால் இயங்கும் பொறிகள் பந்தய எஞ்சின்களின் புகுவழிகளைக் கடைகின்றன; வெட்டுளி இட்ட நுண்வரிகளை மெருகிடாது அவ்வாறே விட்டுவிடுவதும் வழக்கமாகியுள்ளது.