இறுவட்டா, பென்ரைவா? இயங்குதளம் கைமாறிய கதை

விண்டோஸ் போடுவதற்கு இப்போது யாரும் இறுவட்டுத் தேடி அலைவதில்லை. கூட்டாளி ஒருவரிடம் பென்ரைவ் வாங்கினால் பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கடையில் விற்கிற லப்டொப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சீடி போடுகிற இடமே கிடையாது. அப்ப இறுவட்டா பென்ரைவா என்பது செத்துப்போன கேள்விதானே, அதை ஏன் இப்ப கிண்டுவான் எண்டு கேட்பீர்கள். நாங்கள் கிண்டுவதற்குக் காரணம் இருக்கு. ஒரு இயங்குதளம் யாருக்குக் கிடைக்கும், யார் அதைப் பிறருக்குக் கொடுக்கலாம், வாங்கியவர் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையெல்லாம் அது வருகிற பொருள்தான் பெருமளவில் தீர்மானித்திருக்கிறது. வேகத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் கதையின் பாதி தவறிவிடும்.

புளொப்பியில் இருந்து தொடங்குவோம். 3.5 அங்குல புளொப்பி ஒன்று பிடிப்பது 1.44 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு படத்துக்கே அது காணாது. 1993இல் வெளிவந்த ஸ்லக்வெயார் லினக்ஸின் முதல் பதிப்பு 24 புளொப்பிகளுக்கானது. 1995 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் 95ஐ புளொப்பியில் வாங்கியவர்களுக்கு 13 தட்டுகள் கிடைத்தன. அதுவும் ஒரு தட்டில் 1.68 மெகாபைட் வரை திணிக்கிற விசேட முறையில் எழுதித்தான் 13க்குள் அடக்கினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். பதினோராவது தட்டு பழுதென்றால் முதல் பத்தும் வீண்.

இறுவட்டு இந்தக் கரைச்சலைத் தீர்த்தது. 650 மெகாபைட் என்றால் ஏறக்குறைய 450 புளொப்பிகள். ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வெறும் கணினிக்கு இறுவட்டை வாசித்து எழும்பத் தெரியாது. கடையில் வாங்கிய விண்டோஸ் 95 சீடியை வெறும் கணினியில் போடுவதென்றாலும், முதலில் ஒரு புளொப்பியால்தான் கணினியை எழுப்ப வேண்டும். ஐபிஎம், ஃபீனிக்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1995 ஜனவரியில் வெளியிட்ட 'எல் டொரிட்டோ' என்ற வரையறைதான் அந்தக் கதவைத் திறந்தது. பொறியியலாளர்கள் கூடிப் பேசிய மெக்சிக்க உணவகத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதன்பிறகு இறுவட்டைப் போட்டுவிட்டு, கணினியைத் திரும்ப எழுப்பினால் போதும் என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது.

2000இல் ஜெர்மனியின் கிளாவ்ஸ் நொப்பர் வெளியிட்ட 'நொப்பிக்ஸ்' இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. வன்தட்டில் எதையும் பதியாமலே முழு லினக்ஸையும் இறுவட்டில் இருந்தே ஓடவிடலாம். பிடிக்காவிட்டால் தட்டை வெளியே எடுத்தால் சரி, பழைய கணினி பழையபடியே இருக்கும். வீட்டில் அப்பாவின் ஒரே கணினியில் கைவைக்கப் பயந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கோ.

ஆனால் இறுவட்டின் உண்மையான பொற்காலம் தபால்பெட்டியில்தான் நடந்தது. தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த்தின் கனோனிக்கல் நிறுவனம் 2004 ஒக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பை வெளியிட்டது. கூடவே 'ஷிப்இட்' என்ற ஏற்பாடு. பெயரையும் முகவரியையும் கொடுத்தால், உலகின் எந்த மூலைக்கும் இறுவட்டு இலவசமாக வரும். தபால் செலவும் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் நண்பர்களுக்குக் கொடுக்கவென்று சேர்த்துப் பலவற்றையும் கேட்கலாம். வந்து சேர வாரக்கணக்கில் எடுக்கும். ஆனால் டயல்அப் இணைப்பில் 700 மெகாபைட்டை இறக்குவதைக் கனவிலும் நினைக்க முடியாதவருக்கு அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டே இல்லை. அந்த இறுவட்டைப் படியெடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது திருட்டும் இல்லை, அதன் உரிமமே அதைத்தான் சொல்கிறது.

எங்கள் நாட்டிலும் இதே யோசனை இருந்தது. ஃபெடோராவை அடிப்படையாக வைத்து இங்கே உருவான 'ஹந்தானை லினக்ஸ்', இணைய வசதி குறைந்தவர்களை மனதில் கொண்டு, படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் தேவையான மென்பொருள்களை ஒரே டீவிடிக்குள் சேர்த்துக் கொடுத்தது. பேராதனைக்குப் பக்கத்து மலையின் பெயர் ஒரு இயங்குதளத்துக்கு இருந்தது என்பது எங்கள் தலைமுறையில் கனபேருக்குத் தெரியாது.

இனிப் பென்ரைவ். 2000இல் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் 'தம்ப்ரைவ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டின் கடைசியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்ததை ஐபிஎம் விற்றது, கொள்ளளவு 8 மெகாபைட். புளொப்பியைவிட ஐந்து மடங்கு என்பதே அன்றைக்குப் பெருமை. இயங்குதளம் போடுகிற அளவுக்கு அது வளரவும், யூஎஸ்பியில் இருந்து எழும்பக் கணினிகள் பழகவும் சில ஆண்டுகள் எடுத்தன. 2007இல் அசுஸின் ஈ பீசி, 2008 ஜனவரியில் அப்பிளின் மக்புக் எயார், இரண்டும் சீடி இயக்கி இல்லாமலே வந்தன. 2009இல் மைக்ரோசொஃப்ட்டே விண்டோஸ் 7ஐப் பென்ரைவில் ஏற்றுவதற்கு ஒரு கருவியை வெளியிட்டது. அதற்குள் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்த நிரல் கிடந்தது வெளியே வர, கருவியை மீளப்பெற்று, பிறகு அதன் மூலநிரலையும் சேர்த்துத் திரும்பவும் வெளியிட்டார்கள்.

2011இல் இரண்டு சம்பவங்கள். ஏப்ரலில் கனோனிக்கல் ஷிப்இட்டை நிறுத்தியது. யூலையில் அப்பிள் தன் லயன் இயங்குதளத்தைத் தரவிறக்கமாக 29.99 டொலருக்கு விற்கத் தொடங்கியது. இறக்க வசதியில்லாதவர்களுக்கு அடுத்த மாதம் பென்ரைவிலும் வந்தது, விலை 69 டொலர். நல்ல இணையம் இல்லாதவர் அதே பொருளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கட்ட வேண்டும். முன்பு அவருக்காகவே இலவசமாகத் தபாலில் போன ஒன்று இருந்தது. 2012 ஒக்டோபரில் உபுண்டு 12.10 ஏறக்குறைய 800 மெகாபைட்டுக்கு வளர்ந்து, சீடிக்குள் அடங்காமல் போனது.

பென்ரைவ் வந்தது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வர, பழைய தட்டுகள் எல்லாம் குப்பைதான். கீறல் விழுந்தாலும் முடிந்தது. பென்ரைவை அழித்து அழித்து எழுதலாம், வாசிப்பதும் வேகம். ஆனால் அழித்து எழுதலாம் என்பதுதான் அதன் பலவீனமும். அச்சிட்ட இறுவட்டில் பிறகு யாரும் கைவைக்கேலாது. பென்ரைவோ செருகிய கணினி ஒவ்வொன்றிலும் எதையாவது வாங்கி வரக்கூடியது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் பென்ரைவ் வழியாகவும் பரவிய ஒன்று. இன்னொன்றும் இருக்கு. இறுவட்டு ஆயத்தமாக வந்தது. பென்ரைவை ஆயத்தம் செய்ய வேலைசெய்கிற இன்னொரு கணினியும், பல ஜிகாபைட் இறக்கக்கூடிய இணைப்பும் வேண்டும். வசதி உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே எதைத் தெரிவது? புதிய கணினி என்றால் பென்ரைவ்தான், வேறு வழியும் இல்லை. சீடி இயக்கி இருந்தும் யூஎஸ்பியில் எழும்பாத பழைய கணினி பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ கிடந்தால், அதை எறிய முதல் ஒரு டீவிடி எழுதிப் பாருங்கோ. பென்ரைவ் செய்யும்போது கோப்பை உரிய தளத்திலேயே இறக்கி, அங்கே கொடுத்திருக்கிற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுங்கோ. ஏற்றிய பென்ரைவை வேறு எதற்கும் பாவிக்காமல், மேலே பதிப்பையும் திகதியையும் எழுதி ஒட்டி வையுங்கோ. பிறகு டேட்டா வாங்கக் காசில்லாத ஒரு கூட்டாளி கேட்டால் கொடுங்கோ. தபாலில் அந்த உறை இனி வராது, அந்த வேலை இப்போது எங்களுடையது.