ஊர் கூடி இழுத்த தேர் - ஐஸ்லாந்தின் இளைஞர்களும் போதையும்

ஐஸ்லாந்து என்றதும் பனியும் எரிமலையும் மீனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் 1990களில் அந்த நாட்டுப் பெற்றோர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு விஷயம். வெள்ளிக்கிழமை இரவானால் தலைநகர் ரெய்க்யவிக்கின் மையத் தெருக்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் குடித்துவிட்டுத் திரிவார்கள். அந்தப் பக்கம் நடந்து போகவே பெரியவர்கள் தயங்கினார்கள்.

1998-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அதே கேள்விக்குக் கிடைத்த பதில் 5 சதவீதம்! தினமும் புகை பிடிப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். கஞ்சாவை ஒரு முறையாவது தொட்டவர்கள் 17-லிருந்து 7 சதவீதமானார்கள்.

பதினெட்டே ஆண்டுகளில் இது எப்படி நடந்தது? கடுமையான சட்டமா? போலீஸா? பதிலைத் தேடுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஏனென்றால் ஐஸ்லாந்து சட்டத்தைத்தான் முதலில் நம்பியது.

தடைச் சட்டத்தின் கதை

1908-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் மதுவிலக்கு வேண்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். 1915 முதல் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அது முழுமையாக நீடித்தது சில ஆண்டுகள்தான். ஐஸ்லாந்தின் உப்பு மீனுக்கு ஸ்பெயின் பெரிய சந்தை. "எங்கள் ஒயினை நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் மீனை நாங்கள் வாங்க மாட்டோம்" என்று ஸ்பெயின் நெருக்கியது. மீன் விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில் 1922-ல் ஒயினுக்குக் கதவு திறந்தது. ஒரு நாட்டின் ஒழுக்கச் சட்டத்தை ஏற்றுமதி வியாபாரம் வளைத்த கதை இது.

1933-ல் மறுபடியும் வாக்கெடுப்பு. 1935-ல் மற்ற மதுவகைகளும் சட்டபூர்வமாயின, பீரைத் தவிர! பீர் மலிவானது, இளைஞர்களும் தொழிலாளர்களும் எளிதில் அதற்கு அடிமையாகிவிடுவார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். விஸ்கி வாங்கலாம், பீர் வாங்கக் கூடாது என்ற விசித்திர நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1980களில் மதுக்கடைகள் போதையில்லாத பீரில் வேறு மதுவைக் கலந்து 'பீர் மாதிரி' என்று விற்றன. 1985-ல் அதையும் தடை செய்தார்கள். கடைசியில் 1989 மார்ச் 1 அன்று பீருக்கான தடை நீங்கியது. 74 ஆண்டுகாலத் தடை!

இதற்குப் பிறகும் கட்டுப்பாடுகள் இல்லாமல் இல்லை. மது வாங்க 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். மது விற்பனை அரசுக் கடைகளிடம். இவ்வளவும் இருந்தும்தான் 1990களின் பிள்ளைகள் தெருவில் தள்ளாடினார்கள். சட்டம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டிலைத் தேடிப் போகும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

பிள்ளைகளிடமே கேட்டார்கள்

1992-ல் நாடெங்கும் உள்ள பள்ளிகளில் 14 முதல் 16 வயது வரையான மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டியதில்லை. குடித்திருக்கிறாயா, புகைத்திருக்கிறாயா என்பதோடு கேள்விகள் நிற்கவில்லை. பெற்றோருடன் எவ்வளவு நேரம் செலவிடுகிறாய், மாலையில் எங்கே இருக்கிறாய், பள்ளியில் உன்மேல் யாராவது அக்கறை காட்டுகிறார்களா என்றும் கேட்டார்கள். 1995-லும் 1997-லும் இதே கணக்கெடுப்பு மீண்டும் நடந்தது.

இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர் உள்ளிட்ட சமூகவியல் ஆய்வாளர்கள் அந்தப் பதில்களை அலசினார்கள். பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பவையாக நான்கு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. வாரத்தில் மூன்று நான்கு முறையாவது முறையான பயிற்சியுள்ள விளையாட்டு அல்லது கலை. பெற்றோருடன் கழிக்கும் நேரம். பள்ளியில் தன்னை மதிக்கிறார்கள் என்ற உணர்வு. இரவு வெகுநேரம் வெளியே சுற்றாமல் இருப்பது. "போதை கெட்டது" என்று வகுப்பில் பாடம் நடத்துவது இந்தப் பட்டியலில் இல்லை. அப்படிப் பாடம் நடத்திப் பெரிய பலன் கிடைத்திருக்கவும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மனின் சிந்தனையும் இங்கே கை கொடுத்தது. மனிதர்கள் உண்மையில் தேடுவது மூளையில் ஏற்படும் ஒரு மாற்றத்தை. போதைப்பொருள் அதற்கு ஒரு குறுக்குவழி என்பது அவர் கருத்து. பதற்றத்தை மறக்க நினைப்பவன் ஒன்றைத் தேடுகிறான், பரபரப்பை விரும்புகிறவன் இன்னொன்றைத் தேடுகிறான். அப்படியானால் இசையிலும் நடனத்திலும் விளையாட்டிலும் அதே கிளர்ச்சியை இயற்கையாகத் தரலாமே என்றார் அவர்.

மாலை நேரம் யார் பொறுப்பு?

1997-க்குப் பிறகு தேசிய அளவில் வேலை தொடங்கியது. மது, புகையிலை விளம்பரங்களுக்குத் தடை. 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் பெரியவர் துணையின்றி குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கோடையில் சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கும் நாடல்லவா, அப்போது நள்ளிரவு வரை அனுமதி. சட்டப்படி ஒருவர் தன் பொறுப்பைத் தானே ஏற்கும் வயதும் 1998 முதல் 16-லிருந்து 18 ஆனது. அதாவது 17 வயதுப் பிள்ளைக்கும் பெற்றோரே பொறுப்பு.

சட்டத்தோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். பள்ளிதோறும் பெற்றோர் சங்கங்கள் வலுப்பெற்றன. பெரியவர்கள் இல்லாத வீட்டில் விருந்துக்கு அனுமதிப்பதில்லை, வயது வராதவர்களுக்கு மது வாங்கித் தருவதில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளைமேலும் ஒரு கண் வைப்பது என்றெல்லாம் பெற்றோர்கள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். வார இறுதி இரவுகளில் பெற்றோர் குழுக்கள் தங்கள் பகுதியில் ஒரு சுற்று நடந்து வருவது வழக்கமானது. அடிக்கவோ மிரட்டவோ அல்ல. தெருவில் தெரிந்த முகம் ஒன்று இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

'கூடாது' என்று சொன்னவர்கள் 'வேறென்ன செய்யலாம்' என்பதற்கும் வழி செய்தார்கள். விளையாட்டுச் சங்கங்களுக்கும் இசைப் பள்ளிகளுக்கும் அரசும் நகராட்சிகளும் பணம் ஒதுக்கின. ரெய்க்யவிக் நகராட்சி 2007-ல் 'ஓய்வுநேர அட்டை' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. ஒரு கட்டத்தில் அது 35,000 குரோனாவாக இருந்தது. இந்தப் பணம் ரொக்கமாக வீட்டுக்கு வராது. பிள்ளை சேரும் கால்பந்துக் குழுவுக்கோ வயலின் வகுப்புக்கோதான் போகும். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை தெருவிலேயே நின்றுவிடக் கூடாது என்பதே நோக்கம்.

கணக்கெடுப்பும் நிற்கவில்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொன்ன பதில்கள் சில வாரங்களிலேயே அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தன. 'நாட்டில் எங்கோ பிரச்சினை' என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. 1997-க்கும் 2012-க்கும் இடையில், வார நாட்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் செலவிடும் 15, 16 வயதினர் 23 சதவீதத்திலிருந்து 46 ஆனார்கள். வாரம் நான்கு முறையாவது முறையான விளையாட்டில் ஈடுபட்டவர்கள் 24-லிருந்து 42 சதவீதமானார்கள்.

எல்லாம் சுபமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதே காலத்தில் நார்வே, சுவீடன் போன்ற நாடுகளிலும் இளைஞர்களின் குடிப்பழக்கம் குறைந்தது. ஆகவே முழுப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. சிறிய நாடு, வலுவான நகராட்சிகள் என்ற வசதிகளும் அவர்களுக்கு உண்டு.

இதைவிட முக்கியமான ஒன்று, குடி குறைந்தால் மனம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. கொரோனா காலத்துக்கு முன்பும் 2020 அக்டோபரிலும் 13 முதல் 18 வயதினரிடம் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. மூத்த மாணவர்களிடையே புகையும் குடிபோதையும் குறைந்திருந்தன. ஆனால் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருந்தன, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். கொரோனாவை மட்டும் காரணம் சொல்லவும் முடியாது. 1997 முதல் 2006 வரையான கணக்கெடுப்புகளிலேயே பெண் பிள்ளைகளின் மனச்சோர்வும் பதற்றமும் அதிகரித்திருந்தன.

குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடும் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழும் பிள்ளையைத் தெருவில் ரோந்து நடக்கும் பெற்றோரால் பார்க்க முடியாது. அதற்கு வேறு வழிகள் வேண்டும். ஐஸ்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் 1717 என்ற உதவி எண்ணுக்கு யாரும் பெயர் சொல்லாமல் பேசலாம். 12 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் பேசி மனம் தேற ரெய்க்யவிக்கில் தனி மையம் தொடங்கப்பட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் நலச் சட்டத்தின்படி, உதவி தேவைப்படும் பிள்ளையின் குடும்பம் ஒவ்வோர் அலுவலகமாக அலையாமல், பள்ளி போன்ற இடத்திலேயே பேசுவதற்குக் குறிப்பிட்ட ஒருவர் இருக்க வேண்டும்.

1915-ல் ஒரே சட்டத்தால் முடித்துவிடலாம் என்று நினைத்த நாடு, நூறாண்டு கழித்து வேறொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்குவது எளிது. அந்தக் கையில் பந்தையோ வயலினையோ கொடுப்பதற்குப் பணமும் இடமும் பொறுமையும் வேண்டும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு "என்னப்பா, மனசு சரியில்லையா?" என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். தேர் ஓட வடம் பிடிக்க ஊரே வர வேண்டும். ஒரு தெரு பின்வாங்கினாலும் தேர் நிலைக்கு வந்து சேராது.