புதுச்சேரிக்கு இரவல் வந்த தொலைநோக்கி

1768 மார்ச் மாதம் கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து செல்லும். அதைப் பார்த்து நேரம் குறிப்பதுதான் அவருடைய வேலை. சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அந்த நேரக் கணக்கிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

1761-இல் நடந்த கடப்பைப் பார்க்கவும் இவர் கிளம்பியவர்தான். ஆனால் வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆடுகிற கப்பலில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. இந்த முறை ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன், இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் கட்டித் தந்தார். அடியிலே வெடிமருந்துக் கிடங்கு!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரையே தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர், சென்னையிலிருந்து அவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கியை இரவலாக அனுப்பினார்கள். அது மூன்றடி நீளமுள்ள 'அக்ரோமாட்டிக்' தொலைநோக்கி.

அதன் சிறப்பு கண்ணாடியில்தான் இருந்தது. ஒற்றை வில்லையில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்தில் குவியும். அதனால் பிம்பத்தின் ஓரத்தில் வண்ணம் கசியும். 'கிரவுன்' என்ற சாதாரணக் கண்ணாடியில் ஒரு வில்லை, ஈயம் கலந்த 'ஃபிளிண்ட்' கண்ணாடியில் ஒரு வில்லை, இரண்டையும் சேர்த்தால் கசிவு பெரும்பாலும் நீங்கும். 1758-இல் ஜான் டாலண்ட் இதற்கு லண்டனில் காப்புரிமை பெற்றார்.

ஆனால் நல்ல ஃபிளிண்ட் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஈயம் கனமானது. உருக்கிய குழம்பில் அடியில் தங்கிவிடும். கண்ணாடிக்குள் பாகுக் கம்பி போல வரிகள் விழும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் பழங்காலத்திலேயே கண்ணாடி மணி செய்தார்கள். மணிக்கு வரி விழுந்தால் அது அழகு. வில்லைக்கு அதுவே குற்றம்.

1769 ஜூன் 4 விடியற்காலை. முந்தின இரவு வானம் தெளிவாகத்தான் இருந்தது. விடியும் நேரத்தில் மேகம் வந்து மூடியது. ஏழு மணி வாக்கில் வெள்ளி விலகிப்போன பிறகு சூரியன் பளிச்சென்று வெளியே வந்தது. அவர் முதலில் தங்கியிருந்த மணிலாவிலோ அன்று நல்ல வெயில். 1771-இல் ஊர் திரும்பினால், இவர் இறந்துவிட்டதாக நினைத்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம் மனிதர்.

ஃபிளிண்டின் வரிகளுக்கு வழி கண்டவர் பியர் லூயி கினான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுட்ட களிமண் கோலால் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். கேட்டால் அடுப்படி வேலை போலத் தோன்றும். அதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. 1884-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அப்பேயுடன் சேர்ந்து ஆய்வுக்கூடம் தொடங்கி, போரான், பேரியம் முதலியவை கலந்து புதுவகைக் கண்ணாடிகளைச் செய்தார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் கண்ணாடி கிடைக்காமல் பிரிட்டனே திண்டாடியது. இந்தியாவில் கல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனத்தில் ஆத்மா ராம் தலைமையில் சொந்த முறையிலேயே ஒளியியல் கண்ணாடி செய்தார்கள்.

ஆனால் நல்ல கண்ணாடி கிடைத்தாலும் அதைத் தேய்த்துத்தான் வில்லையாக்க வேண்டும். தேய்த்தால் இயல்பாக வருவது கோள வடிவம். கோளமல்லாத வளைவு வேண்டுமென்றால் செலவு எகிறும். சூடாக்கி அச்சில் அழுத்தும் முறை இதற்காகவே வளர்ந்தது. 1982-இல் வந்த கோடாக் 'டிஸ்க்' கேமராவில் அப்படி அழுத்திய வில்லை ஒன்று இருந்தது.

இதற்கு எல்லாக் கண்ணாடியும் ஒத்துவராது. அதிகச் சூட்டில் இளகுவதாக இருந்தால் விலையுயர்ந்த அச்சு சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் குறைந்த வெப்பத்தில் இளகும் கலவைகளைத் தனியாக உருவாக்கினார்கள். அழுத்திய பின் வேகமாகக் குளிர்வதால் ஒளியை வளைக்கும் திறன் சற்றுக் குறையும். அதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, ஈயம் அச்சின் மேற்பரப்போடு வினைபுரியும். ஆகவே லெ ஜென்டில் கையிலிருந்த தொலைநோக்கியை உயர்த்திய ஈயம், அச்சுக் கண்ணாடிகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.