பன்னமும் கண்ணாடிப் பெட்டியும்: பிரித்தானிய வீட்டுத் தோட்ட வரலாற்றில் ஓர் அத்தியாயம்

தாவரங்களின் வரலாறு பெரும்பாலும் உணவுப் பயிர்களினதும் வாணிபப் பயிர்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நெல்லும் கறுவாவும் கோப்பியும் தேயிலையும் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு, வீட்டு முற்றத்தில் அழகுக்காக நடப்பட்ட செடிகள் ஈர்க்கவில்லை. எனினும், ஒரு சமுதாயம் தன் முற்றத்தில் எதை நட்டது, ஏன் நட்டது, அதனை எங்கிருந்து பெற்றது என்னும் வினாக்கள் அச்சமுதாயத்தின் பொருளியல் வாழ்வையும் மனப்பாங்கையும் ஒருங்கே விளக்க வல்லன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிற் பரவிய பன்ன வளர்ப்பு மோகம் இதற்குத் தக்க சான்றாகும்.

பன்னம் பூப்பதுமில்லை; காய்ப்பதுமில்லை. இலையின் கீழ்ப்புறத்தே தோன்றும் நுண்ணிய வித்திகளால் இனம் பெருகுவது. ஆண்பன்னம், பெண்பன்னம், கலைமான் நாக்கு எனப் பொருள்படும் பெயர்களால் ஆங்கிலேயர் அழைத்த இனங்கள் அந்நாட்டு மர நிழலிலும் ஓடைக் கரைகளிலும் இயல்பாகவே வளர்பவை. கடுங்குளிரிற் பெண்பன்னத்தின் இலைகள் கருகி வீழ்ந்தாலும், மண்ணிலுள்ள வேர்த்தண்டுக்கிழங்கு உயிர்த்திருந்து இளவேனிலிற் புதிய சுருள்களை விரிக்கும். நிழலும் இலைமக்கு கலந்த ஈர மண்ணும் வாய்க்குமாயின், நாளாந்தப் பராமரிப்பை வேண்டாது பல்லாண்டு நிலைப்பவை இவை.

இத்தகைய வன்மை மிக்க தாவரமும் அன்றைய இலண்டன் நகரில் வாழ இயலாதிருந்தது. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக எழுந்த நிலக்கரிப் புகை நகரத்தை மூடியிருந்தது. கிழக்கு இலண்டனில் வாழ்ந்த மருத்துவரான நதானியல் வாட் தம் வீட்டுத் தோட்டத்திற் கற்களை அடுக்கிப் பன்னங்களை வளர்க்க முயன்றார். புகையினால் அவை மடிந்தன. 1829 ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணிட்ட கண்ணாடிப் போத்தலில் மூடி வைத்திருந்தபோது, அம்மண்ணில் ஒரு புல்லும் ஒரு பன்னமும் தாமாகவே முளைத்திருந்ததை அவர் கண்டார். பகலில் ஆவியாகிய ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணை நனைத்தது, புகையோ உட்புகவில்லை. வெளித் தோட்டத்தில் மடிந்த செடி மூடிய போத்தலில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. அவர் பெயரால் 'வாட்டின் பெட்டி' என வழங்கப்பட்ட கண்ணாடிப் பெட்டி இதிலிருந்தே தோன்றியது. தம் ஆய்வினை 1842 இல் அவர் நூலாக வெளியிட்டார்.

எனினும், ஒரு கண்டுபிடிப்பு மட்டும் ஒரு மோகத்தைத் தோற்றுவித்து விடாது. அதற்கேற்ற சமூக நிலைமைகளும் கூடிவருதல் வேண்டும். 1845 இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டமையாற் கண்ணாடியின் விலை வீழ்ந்தது. இருப்புப்பாதைகள் நகரத்து நடுத்தர வர்க்கத்தினரை மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் கொண்டு சென்றன. எட்வேட் நியூமன், தோமஸ் மூர் முதலியோரின் கைந்நூல்கள் இனங்களை அடையாளங் காண உதவின. பன்னஞ் சேகரித்தல் பெண்களுக்கும் தகுந்த பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. 1855 இல் சாள்ஸ் கிங்ஸ்லி இம்மோகத்துக்குப் 'பன்னப் பித்து' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். எள்ளலாகப் பெயரிட்டபோதும், நாவல்களிலும் வம்புப் பேச்சிலும் பொழுதைக் கழிப்பதிலும் இது மேலென அவர் கருதினார்.

இம்மோகத்தின் மறுபக்கம் கிங்ஸ்லியின் எள்ளலில் இடம்பெறவில்லை. தோட்டத்துக்கு வேண்டிய செடிகள் காடுகளிலிருந்தும் பாறை இடுக்குகளிலிருந்தும் வேரோடு பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றைக் கூடைகளிற் சுமந்து நகரங்களில் விற்போர் தோன்றினர். செடி அரிதாக அரிதாக அதன் விலை உயர்ந்தது. விலை உயர உயர வேட்டை மும்முரமாயிற்று. அயர்லாந்தின் கிலாணிப் பகுதியின் பெயரால் அழைக்கப்படும் மென்பன்னம் பல இடங்களில் அற்றுப்போயிற்று. மலைப் பாறைகளில் மட்டும் வாழும் 'வூட்சியா' இனங்கள் அருகின. அத்தகைய செடியொன்றைத் தேடிச் சென்ற வில்லியம் வில்லியம்ஸ் என்னும் வழிகாட்டி 1861 இல் வேல்சு நாட்டுச் சினோடன் மலையில் வீழ்ந்து இறந்தார். கிலாணிப் பன்னமும் வூட்சியா இனங்களும் பின்னர் பிரித்தானியாவின் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டன. தோட்டத்தில் எளிதாகக் கிடைத்த அழகுக்கு மலை கொடுத்த விலை இதுவாகும்.

இவ்விடத்து அறிவியல் மாற்றுவழி ஒன்றைத் திறந்தது. வித்தி முளைத்து முதலில் சிறிய பசிய தகடாகி, அதிற் கருக்கட்டல் நிகழ்ந்த பின்னரே பன்னம் எழுகின்றது என்பது 1851 இல் ஹொப்மைஸ்ரரின் ஆய்வினாற் சந்ததிப் பரிவிருத்தியாக விளக்கம் பெற்றது. வித்திகளைத் தூவி நாற்றுக்களைப் பெறும் முறை செப்பமுற்றபோது, காட்டை அழியாமலே தோட்டத்தை நிறைத்தல் இயல்வதாயிற்று. 1891 இல் வட இங்கிலாந்தின் கெண்டல் நகரிற் பன்ன ஆர்வலர் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் மோகம் தணிந்தது. வெப்பமூட்டிய கண்ணாடி மனைகளில் வளர்க்கப்பட்ட அயல்நாட்டுப் பன்னங்கள் எரிபொருளும் ஆட்களும் இன்றி நிலைக்க இயலாதவை. நிழலில் நடப்பட்ட நாட்டுப் பன்னங்களோ கவனிப்பாரற்ற தோட்டங்களிலும் தழைத்தன.

பன்னத்துக்கென அமைந்த கண்ணாடிப் பெட்டியின் பயணம் பன்னத்தோடு முடிந்துவிடவில்லை. 1833 இல் வாட் பன்னங்களையும் புற்களையும் அதில் இட்டுச் சிட்னிக்கு அனுப்பி, நெடுங்கடற் பயணத்திலும் அவை வாழுமெனக் காட்டியிருந்தார். பேரரசின் தோட்டப் பொருளாதாரத்துக்கு இதனினும் பயன்மிக்க கருவி வேறில்லை. பிரேசிலிலிருந்து பெற்ற வித்துக்களிற் கியூ தாவரவியற் பூங்காவில் முளைத்த 1,919 இறப்பர் நாற்றுக்கள் 1876 இல் 38 வாட்டின் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் விரிந்த இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் ஆவர். இலண்டன் வீட்டின் யன்னலோரத்தில் அழகுப் பொருளாயிருந்த பெட்டியும், இறப்பர் மரத்தைச் சீவிய அத்தொழிலாளரின் வாழ்வும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாகும்.

எனவே, பராமரிப்பு வேண்டாத செடி என்னும் தொடரை வரலாற்று நோக்கில் எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். பன்னம் தோட்டக்காரனிடம் அதிகம் வேண்டுவதில்லை என்பது மெய்யே. ஆயின் அது தோட்டத்தை வந்தடைந்த வழியில் ஒரு மலைச்சாரலும் ஒரு தொழிலாளியும் அதற்கான உழைப்பையும் இழப்பையும் முன்னரே செலுத்தியிருக்கக் கூடும். ஒருவருக்கு எளிதாகக் கிட்டும் பொருளின் சுமையை யார் தாங்கினார் என வினவுவதே வரலாற்று மாணவனின் கடமையாகும். அவ்வினாவுக்கு வீட்டு முற்றத்துப் பன்னமும் விலக்கன்று.