கை மாறிய வித்து

நாஞ்சில் நாட்டில் வயலின் பரப்பை விதையைக் கொண்டே சொன்னார்கள். ‘ஒரு கோட்டை விதைப்பாடு’, ‘பத்து மரக்கால் விதைப்பாடு’ என்றால், அத்தனை நெல் விதைக்கக் கூடிய நிலம் என்று பொருள். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் பெரியவர்கள் பேச்சில் இந்தக் கணக்கு இருந்தது. விதைக்கு அவ்வளவு மதிப்பு!

நெல் விதையை வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டி வைத்தது பலருக்கும் தெரியும். வீட்டுப் புறவாசலில் நின்ற வழுதலை, புடலை, பாகல், வெண்டை இவற்றின் வித்தைக் காத்த கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. அது எங்க ஆச்சி மாதிரிப் பெண்களின் பொறுப்பு. நோயில்லாத கொடியில் நல்லா விளைஞ்ச காயைப் பறிக்காமல் விடுவார்கள். பிள்ளைகள் கை வைக்காதிருக்க அதில் ஒரு துணி கட்டியிருக்கும். வழுதலை வித்தைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர்த்துவார்கள். பாகல் வித்தைச் சாணியில் பதித்துச் சுவரில் அப்புவார்கள். வெண்டை நெற்று அடுப்புக்கு மேலே தொங்கும். புகைக்குப் பூச்சி அண்டாது.

“எங்க பாகல் பட்டுப்போச்சு அத்தை, வித்து இருக்கா?” என்று பக்கத்து வீட்டு மதினி வந்து நின்றால், ஆச்சி காசு கேட்டதில்லை. “கொண்டு போ மக்களே, விளைஞ்சதும் எனக்கு ரெண்டு வித்து தந்திரணும்” என்பது மட்டும்தான் நிபந்தனை. அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரே வீட்டிலிருக்கும் வித்தை எலி தின்றால் அதோடு சரி. பத்து வீட்டில் இருந்தால், இங்கே போனது அங்கே கிடைக்கும்.

காலம் மாறிற்று. 1973-இல் பெங்களூரில் ‘கர்நாடகா’ என்ற கலப்பினத் தக்காளி வெளிவந்தது. 1988-ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை வெளிநாட்டுக் காய்கறி விதைகளுக்கு வழி திறந்தது. விளைச்சல் கூடியது, சந்தைக்குப் பயிரிட்டவர்களுக்கு அதில் நன்மையும் இருந்தது. ஆனால் கலப்பினக் காயில் வித்தெடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் வராது. ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் பாக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. துணி கட்டிய காய்க்கு வேலையில்லை. மதினி வந்து கேட்கவும் தேவையில்லை. எங்க தெருவில் வீட்டுக்கு வீடு தொங்கிய நீளப் புடலை இப்போது ஒரு வீட்டிலும் இல்லை.

விட்டதைப் பிடித்தவர்களும் உண்டு. 2006-இல் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழாவைத் தொடங்கினார். 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைவதற்குள் 174 ரகங்கள் மீண்டன. அமெரிக்காவில் 1975-இல் ஒரு தம்பதி, தாத்தா கொடுத்த தக்காளி விதையையும் பூக்கொடி விதையையும் வைத்துத் தொடங்கிய விதைப் பரிமாற்றச் சங்கமும் இதே வழியில் வளர்ந்ததுதான்.

சட்டமும் தடையில்லை. விளைச்சலின் விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாற, விற்கக்கூட விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயர் ஒட்டி விற்கத்தான் கூடாது.

மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தக்காளியும் வழுதலையும் பெரும்பாலும் தம்முள்ளேயே மகரந்தம் சேர்பவை. அவற்றில் தொடங்குவது எளிது. பூசணி, பாகல் வகைகளை வண்டுகளும் தேனீக்களும் கலந்துவிடும். ஆகவே ஒரே வகையில் இரண்டு ரகங்களை அருகருகே நடாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் நாட்டு வித்து கொண்டு வாருங்கள். காயின் பெயர், ஊர், வித்தெடுத்த மாதம் மூன்றையும் மேலே எழுதுங்கள். போகும்போது வேறொருவர் பொட்டலத்தை எடுத்துச் செல்லலாம். நூறு பேர் வந்தால் நூறு வீட்டில் வித்து இருக்கும்.