படையேடுகளில் சுருங்கிய பெயர்கள்

நம் பாட்டனார் காலத்துக் கணக்கேடுகளைப் புரட்டினால் ௳, ௴, ௵, ௸ எனப் பல குறிகள் கண்ணில் படும். நாள், மாதம், வருடம், மேற்படி என்று அன்றைய கணக்கப்பிள்ளை அவற்றை நொடியில் படித்துவிடுவார். இன்றோ நம் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி நமக்கே அவை புதிராகிவிட்டன. எழுதியவர் எதையும் மறைக்க எண்ணவில்லை. தாளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தவே சுருக்கினார். திறவுகோல் தொலைந்தமையால் அவை மறைபொருளாயின.

படைப்பிரிவுகளின் பழைய பதிவேடுகளும் இத்தகையனவே. அவற்றைப் பற்றி இம்மலரில் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழகத்துக்கு அப்பால் வாழும் நம்மில் எல்லோருடைய முன்னோரும் உத்தியோகம் தேடி இரயிலேறி வந்தவர்கள் அல்லர். சென்னைப் படையோடு நடந்தே வந்தவர்களும் உண்டு. 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் தண்டு அமைந்தது. செகந்திராபாத்தும், நாகபுரியை அடுத்த காம்டியும் அப்படையின் நிலையங்களாக விளங்கின. சிப்பாய்களின் குடும்பத்தாரும், அவர்களை நம்பிய வணிகரும் தொழிலாளரும் உடன் வந்து தங்கினர். ஆகவே படையேடு என்பது நம் குடிப்பெயர்ச்சியின் ஏடுமாகும்.

அதில் முதற்புதிர் படைப்பிரிவின் பெயர். 'எம்.என்.ஐ.' என்பது மதராஸ் நேட்டிவ் இன்பன்ட்ரி, அதாவது சென்னைச் சுதேசிக் காலாட்படை. 1885ஆம் ஆண்டில் 'நேட்டிவ்' என்னும் சொல் நீக்கப்பட்டதால் நடு எழுத்து மறைந்தது. 1903ஆம் ஆண்டில் கிச்சனர் பிரபு இந்தியப் படைகளுக்கெல்லாம் ஒரே எண்வரிசை வகுத்தபோது, சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. பம்பாய்ப் படைகளுக்கு 100 கூட்டப்பட்டது. இவ்வாறுதான் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய மூன்றாம் படைப்பிரிவு அறுபத்துமூன்றாம் படைப்பிரிவு ஆயிற்று. 'பி.எல்.ஐ.' என ஏடுகளில் வரும் 'பாளங்கோட்டா லைட் இன்பன்ட்ரி' இதுவே. மூன்றாம் எண்ணில் சேர்ந்து அறுபத்துமூன்றாம் எண்ணில் ஓய்வு பெற்ற சிப்பாய் படை மாறியவர் அல்லர். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார், எண்தான் மாறிற்று.

அடுத்தது போர்முனையைக் குறிக்கும் எழுத்து. முதல் உலகப் போரில் கடல் கடந்த இந்தியப் படைகள் 'ஐ.இ.எப்.' எனப் பெயர் பெற்றன. அதன் பின்னே நிற்கும் ஓரெழுத்தில் ஒரு நாடே அடங்கும். 'ஏ' எனில் பிரான்சு. 'பி' எனில் கிழக்கு ஆப்பிரிக்கா. 'டி' எனில் இன்று ஈராக் என வழங்கும் மெசபொடோமியா. 'ஜி' எனில் கலிப்போலி. 1914 நவம்பரில் பாளையங்கோட்டைப் படை டாங்கா துறைமுகத்தில் இறங்கியது 'பி'யின் கீழேதான்.

இவையெல்லாம் படையைப் பற்றியவை. மனிதனின் நிலையைச் சொல்லும் எழுத்துகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'டி' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது. இறந்தார், பணியினின்று விடுவிக்கப்பட்டார், ஓடிப்போனார் ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் அவ்வெழுத்திலேயே தொடங்குகின்றன!

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்வோம். அவ்வீட்டுப் பெரியவரின் தந்தையார் இரண்டாம் உலகப் போருக்குச் சென்று திரும்பாதவர். அவரைப் பற்றிய பதிவேட்டின் நகல் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் 1943ஆம் ஆண்டுத் தேதி ஒன்றின் எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்றிருந்தது. நடுக்கடலில் கப்பல்கள் அபயக்குரல் எழுப்பும் குறி அதுவென்று எல்லோரும் அறிவர். ஆகவே அன்றுதான் அவர் ஆபத்தில் சிக்கி மாண்டார் எனக் கருதி, ஆண்டுதோறும் அந்நாளில் படையல் வைத்துவந்தனர்.

அந்த நகலை நாம் வாங்கிப் பார்த்தோம். படை அலுவலகத்தில் எஸ்.ஓ.எஸ். என்பதற்கு 'ஸ்டிரக் ஆப் ஸ்டிரெங்த்' என்று பொருள். ஒரு பிரிவின் ஆள்கணக்கினின்று பெயரை நீக்குதல். அடுத்த வரியில் அதே தேதியில் 'டி.ஓ.எஸ்.' என்றிருந்தது, 'டேக்கன் ஆன் ஸ்டிரெங்த்', வேறொரு பிரிவின் கணக்கில் சேர்த்தல். அவர் மாற்றலாகிச் சென்றிருக்கிறார், அவ்வளவே. மறுபக்கத்தின் அடியில், 1944ஆம் ஆண்டுத் தேதியுடன், 'டி.ஓ.டபிள்யூ.' என மங்கிய மையில் இருந்தது. காயங்களால் இறந்தார் என்பதே அதன் பொருள்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா உயிரோடு இருந்த நாளிலா இத்தனை வருஷமும் படையல் வைத்தோம்!" என்றார். ஓராண்டுக்கு மேற்பட்ட வாழ்வு அன்று அவர் தந்தையாருக்குத் திரும்பக் கிடைத்தது. அவ்வாண்டு முதல் நினைவு நாளும் மாறிற்று.

ஏட்டைப் படிக்க முனைவோர்க்கு இதிலிருந்து ஒரு நெறி புலப்படும். ஒரு குறியைத் தனியே படிக்கலாகாது; முன்வரியும் பின்வரியும் தேதியும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏற்பப் பொருளும் மாறும் என்பதை மறக்கலாகாது.

வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்த மரபு நம்முடையது. ஆயின் மெசபொடோமியாவில் மாண்டோர்க்குப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறிக்கவில்லை. படைப்பிரிவின் பெயர்க்கீழ் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டுமே தந்தனர். சுருக்கங்களில் கொடிய சுருக்கம் இதுவன்றோ? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டில்தான் இத்தகைய பாகுபாடுகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. கல்லில் இல்லாத அப்பெயர்களைத் தேட ஏடுகளே துணை.

நம் வீட்டுப் பெட்டியடியில் அத்தகைய தாள் ஒன்று இருக்கக்கூடும். அதைப் பழைய குப்பையென எறிந்துவிடாமல், முதியோர் உள்ளபோதே அவர்களுடன் அமர்ந்து எழுத்தெழுத்தாகப் படிப்போம். மூன்றெழுத்துக்குள் நம்மவர் ஒருவர் காத்திருக்கலாம்.