முழமும் வண்ணமும்

கண்ணால் காண வேண்டிய வண்ணத்தைக் காதுக்கு எடுத்துரைக்கும் பணி இன்று எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் கொருக்குப்பேட்டைக்குத் தெற்கே அணித்தாக உள்ளது வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியார் கடல் கடந்து அனுப்பிய துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் வாழ்ந்தமையால் அப்பெயர் அமைந்தது. வடகிழக்கே, திருவொற்றியூரை ஒட்டி இருப்பது காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அந்நாளைய துணி வாணிகத்தில் ஒரு தொல்லை உண்டு. சாயவேரில் பிறக்கும் சிவப்புகள் பல. இலண்டனில் இருப்பவர் விரும்பும் சிவப்பு இன்னது என்று சொல்லால் எழுதி அனுப்ப இயலாது. ஆகவே மாதிரித் துணியைக் கப்பலில் அனுப்பி, அதற்கு ஒப்பச் சாயமேற்றச் சொன்னார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே அளவையைக் கைக்கொண்டாலன்றி வண்ணம் நிலைபெறாது. இன்றைய டிஜிட்டல் காமிராவில் ‘நிறவெளி’ என்று ஓர் அமைப்பு உண்டே, அதன் உட்பொருளும் இதுவேயாகும்.

காமிரா வண்ணத்தைச் சேமிப்பதில்லை, எண்களைச் சேமிக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். இம்மூன்றைக் கொண்டு பிற வண்ணங்களை உண்டாக்கலாம் என்பதை 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இலண்டனில் ஒரு வண்ண நாடாவின் படத்தால் காட்டினார். ஆனால் எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை என்ற வினா நின்றது. இங்கிலாந்தில் ரைட் என்பார் 10 பேரையும் கில்டு என்பார் 7 பேரையும் சோதித்து, மனிதக் கண் வண்ணங்களை ஒப்பிடும் திறத்தை அளந்தனர். இந்தப் பதினேழு பேரின் கண்களை ஆதாரமாகக் கொண்டே 1931-இல் கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியியல் குழுவினர் வண்ணத்திற்கு ஓர் அளவுமுறை வகுத்தனர். உலகத்தார் அனைவருக்குமாகப் பதினேழே பேர்! ஆயினும் அவ்வளவுமுறை இன்றளவும் பயன்பட்டு வருகிறது.

அதன்மீது எழுந்தவைதாம் காமிராவில் நாம் காணும் இரு நிறவெளிகள். எஸ்.ஆர்.ஜி.பி. என்பதை 1996-இல் ஹியூலெட் பாக்கார்டு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் முன்மொழிந்தனர். சாதாரணக் கணினித் திரை காட்டக்கூடிய வண்ணங்களே அதன் எல்லை. மற்றொன்றான அடோபி ஆர்.ஜி.பி. பிறந்த கதை வேடிக்கையானது. அடோபி நிறுவனத்தார் தொலைக்காட்சித் துறையின் ஆவணம் ஒன்றிலிருந்து சில எண்களை எடுத்துத் தம் மென்பொருளில் சேர்த்தனர். அவை அத்துறையின் சரியான எண்கள் அல்ல என்பதும், படியெடுத்ததிலும் பிழை நேர்ந்தது என்பதும் பின்னர் வெளிப்பட்டன. அதற்குள் அச்சுத் தொழிலாளருக்கு அந்த நிறவெளி பிடித்துவிட்டது. எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி 1998-ஆம் ஆண்டைச் சூட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தகைய விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் அளித்திருக்க மாட்டேன்.

இரண்டிற்கும் சிவப்பும் நீலமும் ஒன்றே. பச்சை மட்டுமே வேறு. அடோபியின் பச்சை மிகச் செறிந்தது. அதனால் கிளிப்பச்சை, மயில்கழுத்து முதலியவற்றின் ஆழ்ந்த சாயல்கள் அதற்குள் கூடுதலாக அடங்கும்.

அப்படியானால் பெரிய வெளியையே எப்போதும் தேர்ந்துகொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் இடர் உள்ளது. நீண்ட கையால் நான்கு முழம் அளந்த பூச்சரத்தைச் சீட்டில் ‘நான்கு’ என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். குறுங்கையினர் தம் முழத்தால் நான்கு எனக் கொண்டால் சரம் சுருங்கிப்போகும். அடோபி வெளியில் எழுதிய எண்களை, அதை அறியாத திரையோ அச்சகமோ எஸ்.ஆர்.ஜி.பி. என்று படிக்கும்போது நிகழ்வது இதுவே. படம் சோகைபிடித்தாற்போல் வெளிறிப்போகிறது. அரக்குக் கூறைப்புடவை மணப்பெண்ணின் ஆல்பத்தில் மங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பழி மட்டும் காமிராவின்மேல் விழும்! ஆதலின் திரையில் பார்க்கவும் உற்றாருக்கு அனுப்பவும் எஸ்.ஆர்.ஜி.பி. போதும். அச்சிடுவோர் அடோபியை அறிந்தவர் என்று உறுதியானால் மட்டும் அதனைக் கொள்க.

மற்றொரு வழியும் உண்டு. ‘ரா’ என்னும் பக்குவப்படுத்தாத கோப்பாக எடுத்தால் இந்த அமைப்பு அதனைத் தீண்டாது. நிறவெளியைப் பின்னர் தேர்ந்துகொள்ளலாம். ‘ஜேபெக்’ கோப்பாக எடுத்தாலோ, எல்லைக்கு வெளியே நின்ற வண்ணம் போனது போனதுதான். சிறிய வெளியில் எடுத்ததைப் பெரிய வெளிக்கு மாற்றினாலும் இழந்தது மீளாது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாட்டிமார் உடுத்த புடவைகள் பழம்பெட்டிகளில் மடிப்பு மடிப்பாக இற்றுக்கொண்டிருக்கின்றன. துணி போனபின் அதன் வண்ணத்திற்குச் சான்று படம் ஒன்றுதான். அவற்றைப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் ‘ரா’ கோப்பாகவே எடுக்கட்டும். வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில் துணியின் அருகே வண்ண அட்டை ஒன்றையும் வைத்து எடுக்கட்டும். அளந்தறியப்பட்ட 24 கட்டங்கள் கொண்ட அத்தகைய அட்டை 1976-இல் வழக்கிற்கு வந்தது. கம்பெனிக் கப்பலில் வந்த மாதிரித் துண்டின் வேலையை இன்று அந்த அட்டை செய்கிறது.